கணக்கு ஒப்பித்த வருஷம்

கணக்கை யாராவது ஒப்பித்துக் கேட்டிருக்கிறீர்களா? நான் ஒப்பித்திருக்கிறேன். பெரியப்பாவின் புது வீட்டுப் பால்காய்ச்சில், பந்தி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பந்தலில், அப்பா என்னை நடுவில் நிறுத்தி, "ஆத்தா, அந்தத் தோட்டக் கணக்கைச் சொல்லு" என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு, "தோட்டத்தின் அகலம் எக்ஸ் மீட்டர் என்க. எனவே நீளம் எக்ஸ் கூட்டல் ஐந்து மீட்டர்" என்று ஆரம்பித்து, "ஆகவே அகலம் ஏழு மீட்டர், நீளம் பன்னிரண்டு மீட்டர்" என்பது வரை மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். கை தட்டினார்கள். அத்தை ஒருத்தி என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். நான் என்ன சொன்னேன் என்று அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. இப்போது இதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். அன்றைக்கு, யாராவது அர்த்தம் கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன்.

நான் பத்தாம் வகுப்பு படித்த வருஷம் அது. எங்கள் ஊர் சாணார்பட்டிப் பக்கம், பள்ளிக்கூடம் திண்டுக்கல் டவுனில். அப்பாவுக்குக் கனகாம்பரமும் சம்பங்கியும் போட்ட கொஞ்சம் நிலம் இருந்தது. விடிந்தும் விடியாததுமாகப் பறித்து, சாக்கில் கட்டி, டி.வி.எஸ்ஸில் வைத்துப் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். அம்மாவுக்கு நூல் மில்லில் வேலை. மில் வண்டி ஊர் முக்கில் வந்து ஹாரன் அடிக்கும். அம்மா தூக்குச்சட்டியோடு ஓடுவாள். நான் பஸ்ஸுக்கு நிற்கிற இடமும் அதே முக்குதான்.

காலாண்டில் நான் கணக்கில் பெயில். மற்ற பாடமெல்லாம் சுமாராக இருந்தது, கணக்கு மட்டும் காலை வாரிவிட்டது. அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சூப்பர்வைசர் கேட்டுக்கிட்டே இருக்காரு, வீட்ல வேலைக்கு வர்ற வயசுல புள்ள இருக்கான்னு. பப்ளிக்ல கணக்கு போச்சுன்னா என்னோட வண்டி ஏறிடு. வேற என்ன செய்யச் சொல்ற?" என்றாள். மிரட்டலாகச் சொல்லவில்லை. நாளைக்குச் சோற்றுக்கு என்ன வெஞ்சனம் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அதனால்தான் பயந்துபோனேன். எங்கள் தெருவில் எனக்கு முன்னால் பத்தாவது எழுதிய அக்கா ஒருத்தி அந்த வண்டியில்தான் போய்க்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கையாட்டுவாள். நான் பதிலுக்குக் கையாட்டிவிட்டு வேறு பக்கம் பார்ப்பேன். பெரிதாக என்ன படிக்கப்போகிறேன் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. பதினொன்றாம் வகுப்புக்குப் போக வேண்டும், அந்த வண்டியில் ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

பெற்றோர் கூட்டத்துக்கு அப்பாதான் வந்தார். கணக்கு டீச்சர் என் பேப்பரை அவர் முன்னால் விரித்து, "வீட்ல பக்கத்துல உக்காந்து யாரும் படிக்க வைக்கிறதில்லையா? நாங்க மட்டும் பாத்தாப் பத்தாது. பெத்தவங்களும் உக்காரணும்" என்றார். எல்லாப் பெற்றோருக்கும் சொல்கிற வார்த்தைதான். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு வாசலைத் தாண்டும்போதே மறந்திருப்பார்கள். அப்பா மறக்கவில்லை. அன்று சாயங்காலமே டவுனில் கணக்குக் கைடு ஒன்று வாங்கிக்கொண்டு வந்து, அதற்கு அட்டை போட்டு, டிவியைத் துணியால் மூடி, "வா ஆத்தா, உக்காரு" என்றார். உட்கார்ந்தோம். அதற்கு மேல் என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அப்பா எட்டாவது வரை படித்தவர். ஆனால் எங்கள் ஊர் ஒயிலாட்டக் குழுவில் அவர் முக்கியமான ஆள். கையில் துணியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஆடியபடியே பாடுகிற ஆட்டம் அது, திருவிழாவில் ஆரம்பித்தால் மணிக்கணக்காகப் போகும். முன்பாட்டுப் பாடுகிற வாத்தியாருக்கு நடுவில் வரி மறந்துவிட்டால் அப்பா முதல் வார்த்தையை மெல்ல எடுத்துக் கொடுப்பார். கூட்டத்துக்குத் தெரியவே தெரியாது. அத்தனை பாட்டும் அவர் கேட்டுக் கேட்டே பாடம் பண்ணியவை. ஒன்று தெரியும் என்றால் அப்பாவுக்கு அர்த்தம் அதுதான். தட்டுத் தடங்கல் இல்லாமல் வாயில் வர வேண்டும். வந்துவிட்டால் அது நம்முடையது.

ஆகவே கணக்கையும் அப்படியே ஆக்கிவிட்டார். கைடு அவர் மடியில் இருக்கும், விரல் வரிக்கு வரி நகரும். நான் பார்க்காமல் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை விட்டாலும் விரல் நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து. "என்க" என்ற வார்த்தை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. நான் "எக்ஸ் என்க" என்றதும் தொடையில் ஒரு தட்டு தட்டுவார். "எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஐந்து எக்ஸ் கழித்தல் எண்பத்து நான்கு சமம் பூச்சியம்" என்ற வரிக்கு நாளடைவில் ஒரு தாளமே வந்துவிட்டது. காலையில் பூப்பறிக்கும்போதும் விடமாட்டார். பாத்தியில் அவர் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. "அந்த ஏணிக் கணக்கு", "அந்தக் கூம்பு" என்று ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருந்தார். கேட்டுக் கேட்டு அவருக்கும் எல்லாம் பாடமாகிவிட்டது. நான் திக்கினால் அடுத்த வரிசையிலிருந்து முதல் வார்த்தை வரும்.

அரையாண்டில் தொண்ணூறு வாங்கினேன். நம்ப மாட்டீர்கள், தொண்ணூறு. கேள்வித்தாளில் முக்கால்வாசி புத்தகத்துக் கணக்கே அச்சு அசலாக வந்திருந்தது. கேள்வியைப் பார்த்ததும் கை தானாக எழுதியது. அப்பா மார்க்கெட்டில் தெரிந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். அம்மா சூப்பர்வைசர் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை. எனக்குத்தான் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள், "இந்த வரி எப்படிடி வந்துச்சு?" என்று கேட்டால், "அப்படித்தான் வரும்" என்று நோட்டை மூடிவிடுவேன்.

தோட்டக் கணக்கில் ஓர் இடம் எனக்கு எப்போதும் இடறும். "எக்ஸ் கூட்டல் பன்னிரண்டு, எக்ஸ் கூட்டல் ஏழு, சமம் பூச்சியம்" என்று கைடில் இருந்தது. டீச்சர் போர்டில் போட்டபோது ஏழுக்கு முன்னால் கழித்தல் போட்ட மாதிரி ஞாபகம். ஒரு நாள் கழித்தல் என்று சொல்லிப் பார்த்தேன். அப்பாவின் விரல் நின்றது.

"கூட்டல்" என்றார்.

"டீச்சர் வேற மாதிரி போட்டாங்கப்பா."

"அச்சுல இருக்கு பாரு. அச்சடிக்கிறவன் பாக்காமலா அடிப்பான்? நீயா மாத்தாத ஆத்தா, அப்பறம் அம்புட்டும் மாறிப்போகும்."

பாட்டில் ஒரு வார்த்தை மாறினால் ஆடுகிறவர்களின் கால் எல்லாம் தடுமாறும், அது அவர் கண்ட அனுபவம். நான் கூட்டல் என்றே சொன்னேன். எது சரி என்று எனக்குத் தெரிந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டையில் நான் சளைத்தவள் இல்லை.

பொங்கல் கழிந்து முதல் திருப்புதல் தேர்வு வந்தது. "செவ்வக வடிவத் தோட்டம் ஒன்றின் நீளம்" என்று பார்த்ததுமே எனக்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது, மீதிக் கேள்வியை யார் படித்தார்கள்? நீளம் ஆறு மீட்டர் அதிகம், பரப்பு நூற்றுப் பன்னிரண்டு என்று டீச்சர் எண்களை மாற்றியிருந்தார். நான் பழைய ஐந்தையும் எண்பத்து நான்கையும் வைத்து, கைடில் இருந்தபடி, அந்தக் கூட்டல் ஏழு உட்பட எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மற்ற கணக்குகளிலும் பாதிக்கு மேல் இதே கதைதான்.

பேப்பர் கொடுத்த அன்று டீச்சர் என்னை எழுப்பி நிறுத்தினார். "பிட் எங்க வச்சிருந்த?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "கேள்வில என்ன நம்பர்னுகூடப் பாக்காம கைடைப் பாத்து எழுதியிருக்க. கைடுல இருக்கிற அச்சுப்பிழைகூட அப்படியே இருக்கு. அரையாண்டுலயும் இப்படித்தான் வாங்கினியா?" வகுப்பே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கோபம் வந்தால் கூடவே அழுகையும் வந்துவிடும், அது ஒரு சாபக்கேடு. அழுதேன். அழுததையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு, நாளைக்கு அப்பாவோடு வா என்று சொல்லிவிட்டார்.

அப்பா பூ மார்க்கெட்டிலிருந்து நேராக வந்தார். சட்டையில் சம்பங்கி வாசம், வேட்டி முழங்கால் வரை ஈரம். ஆசிரியர்கள் அறையில் டீச்சர் பேப்பரைக் காட்டிச் சொல்லச் சொல்ல, இறுகிப்போயிருந்த அப்பாவின் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

"அட, இதுதானா டீச்சர்? எம்புள்ள பாத்து எழுதலை. பாடம். அம்புட்டும் பாடம். பக்கத்துல உக்காரணும்னு நீங்கதான சொன்னீங்க, நாந்தான் உக்காந்து சொல்ல வச்சேன். செத்த நேரம் கேளுங்க" என்றவர், என்னைப் பார்த்து, "சொல்லு ஆத்தா" என்றார்.

சொன்னேன். பெரியப்பா வீட்டுப் பந்தலில் சொன்னது போலவே, கையைக் கட்டிக்கொண்டு, கூட்டல் ஏழு உட்பட. மற்ற ஆசிரியர்கள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்கள். நான் முடித்ததும் டீச்சர், "பிட்டுன்னு சொன்னது என் தப்புதான்" என்றார். அப்பா என் தோளில் கை வைத்தார். அத்தோடு கிளம்பியிருக்கலாம்.

டீச்சர் ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "நீளம் ஆறு மீட்டர் அதிகம், பரப்பு நூத்திப் பன்னெண்டு. இப்பப் போடு" என்றார். அகலம் எக்ஸ் என்க என்று எழுதினேன். நீளம் எக்ஸ் கூட்டல் ஆறு. அதுவரை வந்துவிட்டது. அதற்கப்புறம் பேனா நகரவில்லை. வாய் எண்பத்து நான்குக்குப் போகிறது, தாளில் நூற்றுப் பன்னிரண்டு இருக்கிறது. டீச்சர் காத்திருந்தார். அப்போது என் பின்னாலிருந்து, யாருக்கும் கேட்காதபடி, அப்பா மெல்ல எடுத்துக் கொடுத்தார்.

"எக்ஸ் வர்க்கம்..."

நான் எழுதவில்லை. எனக்குக் கேட்கவில்லை போல என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் சத்தமாக, "எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஐந்து எக்ஸ்" என்றார்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "ஐந்து இல்லைங்க. இதுல ஆறு" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அப்பாவின் கை என் தோளிலிருந்து இறங்கியது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதே நேரம் அவரைப் பிடித்து வெளியே தள்ளிவிட வேண்டும் போலவும் இருந்தது. "பப்ளிக்ல புத்தகத்துலயே இல்லாத கட்டாயக் கேள்வி ஒண்ணு வரும். மத்ததுலயும் நம்பரை மாத்துவாங்க. இவளுக்கு மனப்பாடம் வருது, கணக்கு வரலை" என்றார் டீச்சர். அப்பா, "சரிங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கைடை எடுத்து பீரோ மேல் வைத்தார். டிவி மேல் போட்ட துணி அப்படியே கிடந்தது. சாயங்காலம் நான் புத்தகத்தோடு உட்கார்ந்தால், மோட்டாரைப் பார்க்கணும் என்று தோட்டத்துக்குப் போய்விடுவார். காலையில் பாத்தியிலும் கணக்குப் பேச்சு இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். "நான் உக்காந்து கெடுத்தது போதும் ஆத்தா. நீயே படி" என்றார். நானாகப் படிக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் காலாண்டில் பெயிலாகிறேன்?

இரண்டாவது திருப்புதலில் முப்பத்தொன்று. மறுபடியும் பெயில். அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "தொண்ணூறு வாங்கின புள்ளைய இப்படிப் பாதியில கை கழுவிட்டா என்ன அர்த்தம்?" அந்த வாரமே அம்மா மில்லில் பேசிவிட்டு வந்தாள். "மே மாசம் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க" என்று தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

மறுநாள் பாத்தியில் நான் வெடித்துவிட்டேன். பறிக்கிற கையை நிறுத்திவிட்டு, "என்னை வண்டில ஏத்திவிடத்தான் எல்லாரும் பாக்குறீங்க. டீச்சர் சொன்னாங்கன்னு உக்காந்தீங்க, தப்புன்னு சொன்னதும் எந்திரிச்சுப் போயிட்டீங்க. நான் யாருகிட்டப் போக?" என்று கத்தினேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தது எனக்கு.

அப்பா நிமிர்ந்தார். "எனக்குத் தெரியாதுத்தா. தெரியாதவன் உக்காந்து என்ன செய்ய?"

"தெரியாட்டி கேளுங்க!"

வாயில் வந்ததைத்தான் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பறித்துக்கொண்டே இருந்தார். பிறகு தயங்கித் தயங்கி, "ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். தோட்டக் கணக்குல கடைசில ஏழும் வருது, கழித்தல் பன்னெண்டும் வருது. அந்தக் கழித்தல் பன்னெண்டை எதுக்கு விட்டுடுறாங்க?" என்றார்.

"அகலம் குறை எண்ணாக இருக்க இயலாது" என்று கைடின் வரியைச் சொன்னேன்.

"அந்த வரி எனக்கும் தெரியும். எதுக்குன்னு கேக்குறேன்."

எரிச்சலாக வந்தது. "ஏம்ப்பா, ஒரு தோட்டத்துக்கு அகலம் மைனஸ்ல இருக்குமா? ஒண்ணுமே இல்லாததுக்கும் கீழ ஒரு நிலம் இருக்குமா?" என்றேன்.

சொல்லிவிட்டு நானே நின்றுவிட்டேன். எத்தனையோ முறை பாடிய வரி. எக்ஸ் என்றால் அகலம், ஒரு நிலத்தின் அகலம், இவ்வளவு நாளும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை எக்ஸ் எனக்குப் பாட்டில் வருகிற ஒரு சத்தம். அப்பா குனிந்து பாத்தியைப் பார்த்தார். "அப்ப எக்ஸுங்கிறது இந்த வரப்புலருந்து அந்த வரப்பு வரைக்குமா?" என்றார். ஆமாம் என்றேன். "சரி, அது ஏழுதான்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவர் உட்கார்ந்தார். கைடு இல்லாமல், பாடப்புத்தகமும் வெறும் தாளும் மட்டும். "இது ஏன் இந்தப் பக்கம் வந்துச்சு? வந்ததும் எதுக்குக் கழித்தலாச்சு?" என்று கேட்பார். சோதிப்பதற்காகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததை மறுநாள் டீச்சரிடம் போய்க் கேட்பேன். டீச்சர் "இதெல்லாம் எட்டாவது பாடம்" என்று அலுத்துக்கொள்வார், ஆனாலும் சொல்லித் தருவார். பெருக்கினால் கழித்தல் எண்பத்து நான்கும் கூட்டினால் ஐந்தும் வருகிற இரண்டு எண்களைத் தேடுகிறோம் என்று புரிந்த அன்று, கூட்டல் ஏழு தப்பு என்று அப்பாவுக்குப் பெருக்கிக் காட்டினேன். அவர் பீரோ மேலிருந்து கைடை எடுத்து அந்த இடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "நீ அப்பவே சொன்ன. நாந்தான் மாத்த விடலை" என்றார்.

எல்லாம் இத்தோடு நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கணக்குக்கு ஒரு சாயங்காலமே போயிற்று. ஒப்பித்த காலத்தில் அதே நேரத்தில் ஒரு பயிற்சியே முடிந்திருக்கும். பாதிப் பாடத்தைத் தொடவே முடியவில்லை. தேற்றங்களை மட்டும் பழையபடி ஒப்பித்தேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. மூன்றாவது திருப்புதலில் நாற்பத்து நான்கு. பாஸ்தான், ஆனால் தொண்ணூறுக்குப் பக்கத்தில்கூட இல்லை. அம்மா பேப்பரைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "பழையபடி ஒப்பிச்சிரட்டுமாப்பா?" என்று ஒரு நாள் கேட்டேன். "உன் இஷ்டம் ஆத்தா" என்றார். குரலைக் கேட்டபோது, அவருக்கும் என்னளவு பயம் என்று தெரிந்தது. நான் ஒப்பிக்கவில்லை. துணிச்சல் என்று சொல்ல முடியாது, திரும்பிப் போக வழி தெரியவில்லை.

பப்ளிக் பரீட்சை முடிந்து வெளியே வந்தபோது அப்பா வேப்பமரத்தடியில் வண்டியோடு நின்றார். எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. "நம்பரை மாத்திட்டாங்களா?" என்றார். "மாத்திட்டாங்க" என்றேன். "சரி, ஏறு" என்றார்.

மே மாதம் ரிசல்ட் போனில் வந்தது. அறுபத்து மூன்று. பாஸ் என்ற வார்த்தையை அப்பா போனைக் கிட்டே வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்தார். சாயங்காலம் அம்மா வண்டியிலிருந்து இறங்கி வந்து மார்க்கைக் கேட்டதும் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். "தொண்ணூறு வாங்கின புள்ள. விடாம ஒப்பிக்க வச்சிருந்தா இப்படி ஆயிருக்குமா?" என்றாள்.

"அந்தத் தொண்ணூறு என்னுது. இது அவளுது" என்றார் அப்பா.

அம்மா பதினொன்றாம் வகுப்பைப் பற்றிப் பேசவில்லை. மில்லில் மே மாதம் என்று சொல்லி வைத்தது என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை, விண்ணப்பம் வாங்க டவுனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் முக்கில் நின்றேன். அம்மா தூக்குச்சட்டியோடு பக்கத்தில் நின்றாள். ஏறு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவாளோ என்று நான் பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். மில் வண்டி வந்து நின்றது. ஜன்னலோரம் இருந்த எங்கள் தெரு அக்கா என்னைப் பார்த்ததும், எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அம்மா ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். "அவ வரலை" என்றாள். "அறுபத்து மூணு வாங்கியிருக்கா. அம்புட்டும் அவளாப் போட்டது."